4 மார்க்குக்கு 4 வாரத் தவம்! பிளஸ்-டூ மாணவர்களை ஆட்டிவைக்கும் ‘பிராஜெக்ட்’

(நமது நிருபர்)

சென்னை:-

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால், மாலை ஏழு மணிக்கு மேல் எந்தப் பேட்டையிலும் ஜெராக்ஸ் கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது.

ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்த பெரியவர் ஓரமாக நிற்பார். வாடகை ஒப்பந்தம் டைப் அடிக்க வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். கம்ப்யூட்டர் முன்னால் பள்ளிக்கூடச் சீருடையோடு நாலைந்து பையன்கள் நிற்பார்கள்.

“அண்ணே, முதல் பக்கம் மட்டும் கலர்ல போடுங்க!”

“அண்ணே, டைட்டிலைக் கொஞ்சம் பெரிசு பண்ணுங்க!”

“அண்ணே, நாளைக்குக் காலையிலே ஸ்பைரல் பைண்டிங் வேணும். இல்லேன்னா மிஸ் உள்ளேயே விட மாட்டாங்க!”

என்ன அவசரம்? எல்லாம் ‘பிராஜெக்ட்’ படுத்தும் பாடு!

பொதுப் பரீட்சையைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். ‘நீட்’ பற்றிப் பேசுகிறோம். கட்-ஆஃப் பற்றிப் பேசுகிறோம். பிராஜெக்ட் என்ற பெயரில் பிள்ளைகள் படும் அவஸ்தையைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

அது பாடமா, பாரமா? படிப்பா, பம்மாத்தா?

விசாரித்துப் பார்த்தால் இரண்டும் உண்டு என்று தெரிகிறது.

25 மார்க்கு கணக்கு

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

சி.பி.எஸ்.இ. பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவன். இங்கிலீஷ், கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கம்ப்யூட்டர் சயன்ஸ் ஆகிய ஐந்தும் அவன் பாடங்கள். மொத்தம் 500 மார்க்.

2024-25 பாடத்திட்டப்படி பிசிக்ஸ் பிராஜெக்டுக்கு 3 மார்க். கெமிஸ்ட்ரிக்கு 4. கம்ப்யூட்டர் சயன்சுக்கு 8. இங்கிலீஷ் பிராஜெக்டுக்கு 10.

கூட்டினால் 25 வருகிறது.

காமர்ஸ் பிள்ளைகளும் தப்ப முடியாது. அக்கவுண்டன்சி, பிசினஸ் ஸ்டடீஸ், எகனாமிக்ஸ் என்று மூன்று பாடத்திலும் தலா 20 மார்க் பிராஜெக்டுக்குத்தான்.

“பூ, 4 மார்க்தானே!” என்று தள்ளிவிடவும் முடியாது.

அண்ணா பல்கலைக்கழகம் முதலான என்ஜினீயரிங் கல்லூரிகளில் சேரத் தமிழ்நாட்டில் நடக்கும் கவுன்சிலிங் 200 மார்க் கட்-ஆஃப் கணக்கில்தான் நடக்கிறது. கணக்குக்கு 100. பிசிக்சுக்கு 50. கெமிஸ்ட்ரிக்கு 50.

ஆகவே கெமிஸ்ட்ரி பிராஜெக்டின் 4 மார்க், கட்-ஆஃபில் 2 மார்க். பிசிக்சின் 3 மார்க், கட்-ஆஃபில் ஒன்றரை. இரண்டும் சேர்ந்து மூன்றரை!

அரை மார்க்கில் கேட்ட காலேஜ் கை நழுவிப் போகிற ஊர் இது. மூன்றரை மார்க் என்பது சின்ன விஷயமா?

ஆனால் அந்த மூன்றரை மார்க்கு கேட்கும் நேரத்தையும் பாருங்கள். செய்முறைத் தேர்வு பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது. ஜே.இ.இ. மெயின் பரீட்சையின் முதல் சுற்றும் ஜனவரியில். பொதுத் தேர்வு பிப்ரவரி நடுவில் தொடங்கிவிடுகிறது.

மூன்று பக்கமும் மத்தளம் அடித்தால் பிள்ளை என்ன செய்வான்?

ரெடிமேட் சரக்கு

கடைக்குத்தான் ஓடுவான்!

என்ஜினீயரிங் கல்லூரிப் பிள்ளைகள் கடைசி வருஷ பிராஜெக்டுக்கு ரிச்சி தெருவில் ஏறி இறங்குவது சென்னைவாசிகளுக்குத் தெரிந்த கதை. இப்போது அந்தப் பழக்கம் பள்ளிக்கூடத்துக்கும் இறங்கிவிட்டது.

பிசிக்சுக்குக் கையால் சுற்ற வேண்டிய டிரான்ஸ்பார்மர், சுற்றிய நிலையிலேயே கிடைக்கிறது. அட்டைப் பலகையில் ஒட்டி, பல்பு மாட்டி, சுவிட்சைப் போட்டால் எரிகிறது. வேறென்ன வேண்டும்?

கெமிஸ்ட்ரிக்கு அதுவும் தேவையில்லை. இன்டர்நெட்டில் பழைய மாணவர்கள் எழுதிய பிராஜெக்ட் கொட்டிக் கிடக்கிறது. இறக்கிக்கொண்டு, முதல் பக்கத்தில் பெயரையும் பள்ளியையும் மாற்றினால் வேலை முடிந்தது. இப்போது வந்திருக்கும் ஏ.ஐ.யிடம் ஒரு வரி கேட்டால் அளவு, பட்டியல், முடிவு, நன்றியுரை என்று இருபது பக்கத்தைக் கொட்டித் தள்ளிவிடுகிறது.

பாத்திரம் அடுப்பில் ஏறவேயில்லை. சாப்பாடு மட்டும் இலைக்கு வந்துவிடுகிறது!

எல்லாப் பிள்ளைகளும் இப்படியா என்றால், இல்லை. இப்படித் தொடங்கி வேறு எங்கோ போய் முடிந்த ஒரு மாணவனைச் சந்தித்தோம்.

“வேண்டாத வேலை சார்!”

வடசென்னையில் குடியிருக்கும் பையன். அப்பா பாரிமுனையில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. அம்மா வீட்டில். பிளஸ்-டூவில் கம்ப்யூட்டர் சயன்ஸ் குரூப் எடுத்துப் படித்து முடித்தவன். பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

பிராஜெக்ட் என்று சொன்னதும் முதலில் என்ன தோன்றியது என்று கேட்டோம். அவன் கூறியதாவது:-

“எரிச்சல்தான் சார் வந்துச்சு. சாயங்காலம் டியூஷன் முடிஞ்சு வர்றதுக்கே எட்டரை ஆகுது. அதுக்கு மேலே ஜே.இ.இ. மாடல் பேப்பர் போடணும். இதுலே நாலு மார்க்குக்குப் பாலைக் காய்ச்சு, மோரைக் கடைன்னா எப்படி? எங்க கிளாஸ்லே நாப்பது பேர். லேப்புல எங்களுக்குக் கிடைச்சது ரெண்டு பீரியடு. மீதி நேரம் பூரா சால்ட் அனாலிசிஸ். யாரு சார் நெசமாச் செய்வாங்க? வேண்டாத வேலைன்னுதான் நினைச்சேன்.”

வகுப்பில் வசதியான பிள்ளைகள் சிலர் நவம்பரிலேயே முடித்துவிட்டார்களாம். பளபளக்கும் அட்டை, கலர் படம், கண்ணாடித் தாள் உறை.

“அதைப் பார்த்ததும் வயித்தெரிச்சல். அப்பாகிட்ட பணம் கேக்கவும் வாய் வரலை. சரி, நாமளும் நெட்டுல இருந்து எடுத்துடலாம்னு எடுத்தேன்” என்றான்.

அவன் எடுத்த தலைப்பு: ‘பலவகைப் பாலில் உள்ள கேசின் புரதத்தின் அளவு’.

சி.பி.எஸ்.இ. பாடத்திட்டமே யோசனையாகச் சொல்லும் தலைப்புதான் அது. கொய்யாப் பழத்தில் ஆக்சலேட், மஞ்சள் தூளிலும் மிளகாய்த் தூளிலும் கலப்படம், சோயாப் பால் என்று அதே பட்டியலில் இன்னும் பல உண்டு.

கோப்பு தயார். அதில் டேபிள் இருக்கிறது, முடிவு இருக்கிறது. பாக்கி ஒன்றே ஒன்றுதான். சோதனை செய்வது போல நாலு போட்டோ எடுத்து ஒட்ட வேண்டும்.

அந்தப் போட்டோவில்தான் வந்தது வினை!

அம்மாவின் கேள்வி

மூன்று பாக்கெட் பால் வாங்கினான். ஒன்று டோன்டு மில்க். ஒன்று ஸ்டாண்டர்டைஸ்டு. ஒன்று ஃபுல் கிரீம்.

சட்டப்படி டோன்டு மில்க்கில் கொழுப்பு 3 சதவீதம் இருக்க வேண்டும். ஸ்டாண்டர்டைஸ்டில் 4.5 சதவீதம். ஃபுல் கிரீமில் 6 சதவீதம். கொழுப்பு நீங்கலான சத்துப் பொருள் முதல் இரண்டில் 8.5 சதவீதமும், ஃபுல் கிரீமில் 9 சதவீதமும் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு இதில்தான் இருக்கிறது.

மெடிக்கல் ஷாப்பில் ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்கினான். ஒவ்வொரு பாலிலும் இரண்டு சிரிஞ்சு, அதாவது 20 மில்லி எடுத்து, லேசாகச் சுட வைத்தான். தண்ணீர் கலந்த வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டான்.

பால் திரிந்தது.

“ஏண்டா, எலுமிச்சம்பழம் விட்டு நான் பன்னீர் எடுக்கிற மாதிரிதானே இருக்கு? இதுக்கா ஒரு பரீட்சை?” என்று கேட்டாராம் அம்மா.

அம்மா கேட்டது நூற்றுக்கு நூறு சரி. பாலில் உள்ள புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசின்தான். புளிப்பு ஏறினால் அது திரண்டு வெளியே வந்துவிடும். தயிர் உறைவதும் அதனால்தான், பன்னீர் கிடைப்பதும் அதனால்தான். புளிப்பு குறைந்தால் முழுக்கத் திரளாது. அளவு மீறினால் திரண்டது மறுபடி கரையத் தொடங்கும். சொட்டுச் சொட்டாக விடச் சொல்வது அதற்காகத்தான்.

வடிகட்டி, பிழிந்து, பேப்பரில் காய வைத்தான். போட்டோவும் எடுத்துவிட்டான்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கையில் சரக்கு இருக்கிறது. எவ்வளவு இருக்கும் என்று நிறுத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது.

பவுன் தராசில் பால்!

வீட்டில் தராசு இல்லை. மளிகைக் கடைத் தராசு ஒரு கிராமைக் கண்டுகொள்ளாது. அப்பாவுக்குத் தெரிந்த நகைக்கடைக்காரர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். குண்டுமணி எடை கூடினாலும் குறைந்தாலும் காட்டிவிடும் தராசு அவருடையது.

“தம்பி, முப்பது வருஷமா இந்தக் கல்லாவிலே உட்கார்ந்து பவுன் நிறுத்திருக்கேன். பாலை நிறுக்கிறது இதுதான் முதல் தடவை” என்று சிரித்துக்கொண்டே நிறுத்துக் கொடுத்திருக்கிறார் அவர்.

எடையைப் பார்த்ததும் பையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இறக்கிய கோப்பில் இருந்த எடை ஒரு கிராமுக்கும் குறைவு. இவனுக்கு வந்ததோ பல மடங்கு!

“தம்பி, இது இன்னும் ஈரம். ஈரத்தோட நிறுத்தா எடை நிக்குமா? காய வச்சு எடுத்துக்கிட்டு வா” என்றாராம் நகைக்கடைக்காரர்.

வீட்டில் பீரோ மேல் வைத்து, ஃபேனைப் போட்டுக் காய வைத்தான். முதல் நாள் எறும்பு வந்து மொய்த்துவிட்டது. மூன்று பொட்டலமும் போச்சு! மறுபடியும் மூன்று பாக்கெட். மறுபடியும் வினிகர். இந்தத் தடவை தட்டைச் சுற்றித் தண்ணீர் ஊற்றி வைத்தான்.

“வீடு பூரா புளிச்ச வாடை. தங்கச்சி சாப்பிட உட்கார மாட்டேங்குறா. அம்மா ஒரு பக்கம் திட்டுறாங்க. எனக்கோ படிப்பும் ஓடலை, வேலையும் முடியலை. ஒரு நாள் ராத்திரி எல்லாத்தையும் குப்பையிலே போட்டுட்டு, கோப்புலே இருக்கறதை அப்படியே பிரிண்ட் எடுத்துடலாம்னு எழுந்தே போயிட்டேன் சார்.”

போடவில்லை. தினம் சாயங்காலம் நகைக்கடை ஏறினான். எடை குறைந்துகொண்டே வந்து, ஒரு நாள் அசையாமல் நின்றது. ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். எடை மாறாத வரைக்கும் காய வைக்க வேண்டும் என்று லேப் புத்தகம் சொல்வதும் இதைத்தான். அதை ஒரு நகை வியாபாரி ஒரே வார்த்தையில் சொல்லிக் கொடுத்துவிட்டார்!

எண்ணெய்க் கறை

முடிவைப் பார்த்தால் ஃபுல் கிரீம் முதலிடம். டோன்டு கடைசி. இரண்டுக்கும் நடுவே நல்ல வித்தியாசம். கோப்பிலும் ஃபுல் கிரீம்தான் முதலிடம்.

ஆனாலும் எடை கோப்பில் உள்ளதைவிட இன்னும் கூடுதலாகவே இருந்தது. ஈரமும் இல்லை. பின்னே எங்கிருந்து வந்தது இந்த எடை?

விடை பேப்பரில் இருந்தது.

காய வைத்த பேப்பரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். வடை மடித்துக் கொடுத்த பேப்பர் மாதிரி கண்ணாடியாகத் தெரிந்தது. ஃபுல் கிரீம் பேப்பரில் பெரிய வட்டம். டோன்டு பேப்பரில் சின்ன வட்டம்.

எண்ணெய்க் கறை! அதாவது கொழுப்பு.

கேசின் திரளும்போது பாலில் உள்ள கொழுப்பையும் உள்ளே இழுத்து மூடிக்கொள்கிறது. இவன் நிறுத்தது கேசின் மட்டுமல்ல. கேசினும் கொழுப்பும் சேர்ந்த எடை.

கணக்குப் போட்டால் புரிந்துவிடும். 20 மில்லி டோன்டு மில்க்கில் கொழுப்பு சுமார் 0.6 கிராம். அதே அளவு ஃபுல் கிரீமில் சுமார் 1.2 கிராம். உள்ளே இருக்கும் கேசினோ இரண்டிலும் சுமார் அரை கிராம்தான். கொழுப்போடு சேர்த்து நிறுத்தால் ஃபுல் கிரீம் ஜெயிக்காமல் என்ன செய்யும்?

மறுநாள் கெமிஸ்ட்ரி ஆசிரியையிடம் பேப்பரைக் காட்டியிருக்கிறான்.

“மிஸ் ரொம்ப நேரம் அந்தப் பேப்பரையே பார்த்தாங்க. ‘இதை நீயா கண்டுபிடிச்சே?’ன்னு கேட்டாங்க. ‘நகைக்கடையிலே நிறுத்தேன் மிஸ்’னு சொன்னேன். சிரிச்சுட்டாங்க. சாப்பாட்டு நேரத்துலே லேப்பைத் திறந்து விட்டாங்க.”

லேப்பில் ஆசிரியை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள, பொடி செய்த கேசினை அசிட்டோனில் கழுவினான். கொழுப்பு அதில் கரைந்து போய்விடும். (அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும் சரக்கு. வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.)

மறுபடி காய வைத்து நிறுத்தார்கள்.

மூன்றும் கிட்டத்தட்ட ஒரே எடை!

எந்தக் கணக்கை எழுதுவது?

இப்போதுதான் உண்மையான சங்கடம்.

அவன் இறக்கிய கோப்பு சொல்வது ஒன்று. வகுப்பில் அதே தலைப்பை எடுத்த மற்ற இரண்டு பேரும் எழுதியிருப்பது ஒன்று. எல்லாவற்றிலும் ஃபுல் கிரீம்தான் முதலிடம். இவன் கையில் வந்த முடிவோ, “மூன்றும் ஒன்றேதான்” என்கிறது.

பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து எக்ஸ்டர்னல் வருவார். அவர் புரட்டிப் பார்ப்பது ஓரிரு நிமிஷம். மூன்று எண்களும் ஒன்று போல இருந்தால், “சோதனை சரியாகச் செய்யவில்லை” என்று நினைத்துவிட்டால்?

கட்-ஆஃபில் 2 மார்க் போய்விடுமே!

“ரெண்டு நாள் தூக்கம் வரலை சார். ஃபிரண்டு ஒருத்தன், ‘டேய், எக்ஸ்டர்னல் என்ன எதிர்பார்ப்பாரோ அதை எழுதுடா. உண்மையை உங்க வீட்டுச் சுவத்துலே எழுதிக்கோ’ன்னான். அவன் சொன்னது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அவனும் மார்க்குக்குத்தானே படிக்கிறான், நானும் அதுக்குத்தானே படிக்கிறேன்.”

அப்பாவிடம் கேட்டிருக்கிறான். இருபத்தைந்து வருஷம் லெட்ஜர் எழுதும் மனிதர் அவர். அவர் சொன்னது இது:-

“ஆபீஸ்லே கணக்கு ஒத்துக்கலேன்னா, ஒத்துக்கற மாதிரி ஒரு நம்பரைப் போட்டுட்டு வீட்டுக்குப் போறவனும் உண்டு. அவனுக்கு அன்னைக்குச் சாயங்காலம் நிம்மதி. ஆடிட் வரைக்கும் பயம். நீ உன் கண்ணாலே பார்த்ததை எழுது. ஏன் அப்படி வந்துச்சுன்னு கீழே விளக்கமா எழுது. அதுக்கு மேலே ஆண்டவன் விட்ட வழி.”

பையன் அப்படியே செய்தான். கழுவுவதற்கு முன் எடை ஒரு பட்டியல். கழுவிய பின் எடை இன்னொரு பட்டியல். எண்ணெய்க் கறை படிந்த மூன்று பேப்பர்களையும் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவிட்டான். கையெழுத்தில் 14 பக்கம். கலர் அட்டை இல்லை. கண்ணாடித் தாளும் இல்லை.

வைவா

தேர்வு நாள்.

இவனுக்கு முன்னால் போனவனிடம் எக்ஸ்டர்னல் கேட்டது ஒரே கேள்வி: “ஆசிட்டைக் கூடுதலாக ஊற்றினால் என்ன ஆகும்?” அவன் முழித்தான். திரிந்த பாலை அவன் பார்த்ததே இல்லை!

இவன் முறை வந்தது. எக்ஸ்டர்னல் நேராகப் பட்டியலுக்குப் போனார்.

“என்னப்பா, மூணும் ஒண்ணா இருக்கு?”

“கை நடுங்குச்சு சார். கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். பேப்பரை வெளிச்சத்துலே பிடிச்சுப் பார்த்தார். அப்புறம், ‘ஃபுல் கிரீமுக்குக் கூட விலை கொடுக்கிறோமே, அது எதுக்கு?’ன்னு கேட்டார். ‘கொழுப்புக்கு சார், கேசினுக்கு இல்லை’ன்னேன். ‘நகைக்கடைத் தராசு’ன்னு எழுதியிருந்ததைப் படிச்சுட்டு, எந்தக் கடைன்னு கேட்டார். அவ்வளவுதான். போகச் சொல்லிட்டார்.”

மார்க் எவ்வளவு கிடைத்தது?

தெரியாது! மார்க் ஷீட்டில் செய்முறைக்கு மொத்தமாக 30-க்கு இத்தனை என்றுதான் வரும். பிராஜெக்டுக்கு மட்டும் எவ்வளவு என்று யாருக்கும் தெரிவதில்லை. டிரான்ஸ்பார்மரைக் கடையில் வாங்கியவனுக்கும் முழு மார்க் விழுந்திருக்கலாம். இவனுக்கு ஒன்று குறைந்தும் இருக்கலாம்.

“அதை நினைச்சா இப்பவும் கொஞ்சம் கோபம் வரும் சார். பொய் சொல்ல மாட்டேன். நான் எறும்போட மல்லுக்கட்டினேன், அவன் பணத்தைக் கொடுத்து வாங்கினான். ரெண்டும் ஒரே நாலு மார்க்குதான். ஆனா ஒண்ணு. பன்னெண்டு வருஷமாப் படிச்சதுலே எனக்கே எனக்குன்னு தெரிஞ்சது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் புத்தகத்துலே இருந்தது. அந்த எண்ணெய்க் கறை புத்தகத்துலே இல்லே” என்றான் அவன்.

யோசனை புதிதல்ல

கையால் செய்து படிக்க வேண்டும் என்பது இன்று நேற்று வந்த யோசனை அல்ல.

1937-ல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், தொழிலோடு சேர்ந்த படிப்பு வேண்டும் என்று காந்திஜி வற்புறுத்தினார். 1964 முதல் 1966 வரை ஆராய்ந்து அறிக்கை கொடுத்த கோத்தாரி கமிஷனும் வேலை அனுபவம் கல்வியோடு சேர வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் பி.யூ.சி. போய் பிளஸ்-டூ வந்தது 1978-ல். 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் செய்து கற்பதைத்தான் பேசுகிறது.

காகிதத்தில் குறை ஒன்றும் இல்லை. கோளாறு நடைமுறையில்தான்.

நாற்பது பேருக்கு ஒரே லேப். அதிலும் இரண்டு பீரியடு. ஒவ்வொருவரின் வேலையையும் உட்கார்ந்து பார்க்க ஆசிரியருக்கு நேரம் இல்லை. வேலை கிடக்கட்டும், கோப்பு வந்ததா என்பதே முக்கியமாகிவிட்டது. கோப்பைத்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் பிள்ளைகளும் கோப்பைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவர்கள் மேல் மட்டும் பழி போட்டு என்ன லாபம்?

இதற்குக் கோடி ரூபாய் திட்டம் வேண்டியதில்லை. ஜூலையில் தலைப்பைக் கொடுத்து, தீபாவளிக்குள் வேலையை முடித்துவிடச் சொன்னால் ஜனவரி நெருக்கடி பாதி குறையும். நடுவில் ஒரு தடவை, “என்ன செய்தாய், எங்கே சிக்கல்?” என்று ஆசிரியர் ஐந்து நிமிஷம் கேட்டாலே போதும், கடைச் சரக்கு தானாக வெளிச்சத்துக்கு வந்துவிடும். சிக்கல் எதுவுமே வராத பிராஜெக்ட், செய்யாத பிராஜெக்ட்தான்!

பெற்றோர் கவனத்துக்கு

பிளஸ்-டூ பிள்ளை வீட்டில் இருக்கிறதா? சில விஷயங்களை மறந்துவிடாதீர்கள்.

சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் செய்முறை உள்ள பாடத்துக்கு எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியாக 33 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். எழுத்தில் மட்டும் அள்ளிக்கொண்டால் போதாது.

வீட்டில் கிடைக்கும் பொருளை வைத்துச் செய்யும் தலைப்பை எடுக்கச் சொல்லுங்கள். பால், மஞ்சள் தூள், கொய்யாப் பழம் இவையெல்லாம் காசைக் கரைக்காது.

“எத்தனை பக்கம் எழுதினே?” என்று கேட்காதீர்கள். “என்ன தப்பாப் போச்சு?” என்று கேளுங்கள். பிள்ளை வாய் திறந்து பேசும்.

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. சீருடையோடு ஒரு பையன் வந்து, “அங்கிள், இதைக் கொஞ்சம் நிறுத்துத் தருவீங்களா?” என்று கேட்டால் விரட்டிவிடாதீர்கள். இரண்டு நிமிஷம் தராசைக் கொடுங்கள். அவன் நிறுப்பது நாலு மார்க்காக இருக்கலாம், அதற்கு மேலாகவும் இருக்கலாம்.

ஃபுல் கிரீம் பாலில்தான் டீ கெட்டியாக இறங்கும் என்று டீக்கடைக்காரர்களுக்கு என்றைக்கோ தெரியும். புரதத்துக்காக ஃபுல் கிரீம் வாங்குகிறவர்கள் மட்டும் இனி ஒரு தடவை யோசித்து வாங்கலாம். உபயம்: ஒரு பிளஸ்-டூ மாணவனின் 14 பக்க நோட்டு!